முத்துத்தாயின் இடது தோள்

யாருக்குத் தோலில் என்ன வந்தாலும் எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். சொறி, சிரங்கு, கரப்பான், பெயர் தெரியாத அரிப்பு எல்லாவற்றுக்கும் கோமதி அம்மன் கோவில் புற்றுமண் இருக்கிறது. மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு, வாசலில் விற்கும் தகட்டுப் பாம்பையும் தேளையும் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, அப்படியே ஒரு மட்டன் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு, குணமாகி பஸ் ஏறிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட சங்கரன்கோவிலில் பிறந்து, அதே கோவிலுக்கு நாலு கடை தள்ளி வேலையும் பார்க்கிற ஒருத்திக்குத் தோளில் குணமாகாத வலி வந்தால் ஊர் என்ன நினைக்கும்? அவளிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கும். நினைத்தது.

அந்த ஒருத்தி முத்துத்தாய் அக்கா. சுயம்புலிங்கம் அண்ணாச்சி ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவு அவளுடையது. நான் ஜெயசித்ரா, அங்கேயே பில் போடுகிறவள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் பட்டுப் பிரிவு நேராகத் தெரியும். டாக்டர் வீடுகளுக்கெல்லாம் துணைக்குப் போனதும் நான்தான். அக்காவின் வீட்டுக்காரர் வெள்ளத்துரை விசைத்தறிக்குப் போகிறவர். தறியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார அவரால் முடியாது. உட்கார்ந்த ஒரு தடவையும் சண்டையில் முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்தில் ஆரம்பித்தது. இடது பக்கம் கழுத்தடியிலிருந்து முழங்கை வரைக்கும் மிளகாய் வத்தல் அரைத்த கையால் தடவியது போல எரிச்சல். பிறகு துணி பட்டாலே வலி. காற்று பட்டால் வலி. பேன் பக்கம் தோளைக் காட்ட முடியாது, பேன் இல்லாமல் வேர்த்தால் அதற்கும் வலி. சாயங்காலம் ஆனால் அந்த இடம் செங்கல் நிறத்தில் சிவந்து தடிக்கும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டாக்டர்கள் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்தத் தடிப்பு குளிர்ச்சியான அறைக்குள் போனால் மறைந்துவிடும், டாக்டர்களோ எல்லாரும் ஏசியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ள வியாதி. எங்களோடு பஸ்ஸில் திருநெல்வேலி வரைக்கும் துள்ளிக்கொண்டு வரும். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் ஓடி ஒளிந்துகொள்ளும். போனில் போட்டோ எடுத்துக் காட்டினோம். "போன் கேமராவுல எல்லாமே செவப்பாத்தான் தெரியும்" என்றார் ஒரு டாக்டர். அவருடைய போனில் அவருடைய பேரன் மட்டும் நல்ல மாநிறமாகத் தெரிந்தான்.

முதலில் அக்கி என்றார்கள். மண்பானை செய்கிற ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனோம். அவர் காவியைக் குழைத்துத் தோளில் எழுத ஆரம்பித்தார். கோழி இறகு பட்டதும் அக்கா துடித்த துடிப்பைப் பார்த்து இறகைக் கீழே வைத்துவிட்டார்.

"இது அக்கி இல்ல தாயி. எனக்குத் தெரிஞ்சது அக்கி மட்டும்தான்" என்றார்.

எனக்குத் தெரியாது என்று வாயைத் திறந்து சொன்ன முதல் வைத்தியர் அவர். இரண்டாமவரைப் பார்க்க நாங்கள் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. தோல் டாக்டர் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோலில் ஒன்றுமில்லை, நரம்பைப் பாருங்கள் என்றார். நரம்பு டாக்டர் ஒயர்களை மாட்டி கரண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு, நரம்பு பிரமாதமாக இருக்கிறது, தோலைப் பாருங்கள் என்றார். பிரமாதமான நரம்பையும் பழுதில்லாத தோலையும் வைத்துக்கொண்டு இவள் ஏன் அழுகிறாள் என்பதுதான் மிச்சம். அதற்கும் ஒருவர் இருந்தார்.

"டென்ஷனைக் கொறைங்கம்மா. வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார் அவர்.

அன்றைக்குத்தான் வெள்ளத்துரை அண்ணன் துணைக்கு வந்திருந்தார். பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தார். "ஏட்டி, என்னையப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்ன? ஒரு நாளாவது உன்னைய அடிச்சிருக்கனா? குடிச்சிருக்கனா? எதுக்கு என்னைய அப்படிப் பார்த்தாரு?" சங்கரன்கோவில் வருகிற வரைக்கும் இதே பேச்சு. வியாதி அக்காவுக்கு, அவமானம் அவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் தன் பழைய வேட்டிகளில் நன்றாக நைந்ததாகப் பார்த்து அவர்தான் கிழித்துக் கொடுப்பார். வீட்டில் அந்தத் துணி ஒன்றைத்தான் அவள் தோள் தாங்கும்.

வீட்டில் சரி, கடையில்? சேலை விற்கிறவளுக்குத் துணி பட்டால் வலிக்கிறது என்பதைவிட மோசமான கேலி வேறு இருக்க முடியாது. அதிலும் இடது தோள். நம் பெண்கள் முந்தானை போடுகிற தோள். வந்தவர்கள் எல்லாரும், "உங்க மேல போட்டுக் காட்டுங்க" என்பார்கள். போட்டுக் காட்டினால்தான் பட்டு விற்கும்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ரவிக்கையின் இடது தோளையும் கையையும் அந்த நைந்த வேட்டித் துணியில் தைத்துக்கொண்டு, தன் சேலையை வலது தோளுக்கு மாற்றிக் கட்டினாள். காட்டுகிற பட்டையும் வலது தோளிலேயே போட்டாள். போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்து நிற்பாள். வந்தவர்களையும் கண்ணாடியைப் பார்க்கச் சொல்வாள். கண்ணாடியில் வலது இடதாகிவிடும் அல்லவா, சேலை இருக்க வேண்டிய தோளில் அழகாக இருக்கும். திருவேங்கடம், சிவகிரி என்று சுற்றுவட்டாரக் கல்யாண வீடுகளெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் முடிவெடுத்தன. ஊர் மட்டும் "என்ன முத்துத்தாயி, சேட்டு வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று கேட்டு ஓய்ந்தது.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது பார்க்க வேண்டும் அவளை. வலியை எங்கே வைத்தாள் என்று தெரியாது. சிரித்த முகமாக, "மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர், நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால நின்னா போதும்" என்று சொல்வாள். "இந்த எடமும் இல்லன்னா நான் வலி மட்டும்தான் சித்ரா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அப்போது எனக்கு அழுகை வந்தது. பில்லைத் தப்பாகப் போட்டு, அதற்கு ஏச்சும் வாங்கினேன்.

போன வருடம் அண்ணாச்சியின் மகன் ராஜேஷ்குமார் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தார். கோயம்புத்தூரில் ஏதோ படித்தவர். கடையை நிர்வாகம் செய்வதென்றால் ரீல்ஸ் எடுப்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்காவை நிற்க வைத்து எடுத்தார். வீடியோவுக்குக் கண்ணாடி கிடையாது. முந்தானை உள்ளபடியே வலது தோளில் தெரிந்தது. கீழே யாரோ, "சங்கரன்கோவில்ல சேலை கட்டத் தெரியாதா?" என்று எழுதிவிட்டார்கள். சின்ன முதலாளிக்கு அன்றிரவு தூக்கம் இல்லை போலிருக்கிறது. மறுநாளே உத்தரவு வந்தது. கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா முதல் கடையின் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நிற யூனிபார்ம் சேலை. மடிப்பு வைத்து இடது தோளில் பின் குத்த வேண்டும். தலையில் வலை போட்ட கொண்டை. சேலை வழவழவென்று மின்னுகிற சிந்தெட்டிக், தொட்டாலே சூடு.

அக்கா போய் நின்றாள். "தம்பி, எனக்கு இந்தத் தோள்ல துணி பட்டா எரியும். பாப்பாவா இருக்கயில இருந்து உங்களுக்கு என்னையத் தெரியும்லா. வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்."

"என்ன வியாதிக்கா அது?"

"பேரு தெரியல தம்பி."

"பேரு இல்லாத வியாதிக்கு நான் எப்படிக்கா பெர்மிஷன் குடுக்க? நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. டாக்டர்கிட்ட வியாதி பேரு போட்டு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா தபசு முடியட்டும், மாடி குடோன்ல மடிக்கிற வேலை பாருங்க."

மாடி குடோன் என்பது தகரக்கூரை. அங்கே கண்ணாடி கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது, காற்றும் கிடையாது. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பேசும்போது அவருக்குத் திடீரென்று கால்குலேட்டரில் வேலை வந்துவிடும்.

ஆக, தபசுக்குள் வியாதிக்கு ஒரு பெயர் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் எப்சிபா என்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனோம். அங்கே ஏசி இல்லை! அந்த அறையில் பேன்கூட ஒழுங்காக ஓடவில்லை. வேர்த்துக் கொட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருந்ததில், தோள் நெருப்பாகச் சிவந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து, மறைந்துவிடாதே மறைந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

எப்சிபா டாக்டர் பார்த்தார். பஞ்சுத் துணுக்கை எடுத்து லேசாகத் தொட்டார். அக்காவின் கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. டாக்டர் உடனே பஞ்சை எடுத்துவிட்டு, பழைய சீட்டுகளையெல்லாம் வரிசையாகப் படித்தார். அத்தனையையும் படித்தார் என்பதே எங்களுக்கு ஆச்சரியம்.

"வலி நிஜம்மா. உங்க மனசுல இல்ல, தோள்லதான் இருக்கு. ஆனா என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாம ஒரு பேரைப் போட்டுக் குடுத்தா அது உங்களுக்குத்தான் கெடுதல். இன்னும் சில டெஸ்ட் பார்க்கணும், எரிச்சலைக் கொறைக்க ஒரு மாத்திரை தாரேன்" என்றார்.

அக்கா அங்கேயே விம்மி அழுதாள். டாக்டர் பயந்துவிட்டார். "இல்லம்மா, பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார்.

"பயமில்ல டாக்டர். இருக்குன்னு சொன்னியளே, அதுக்குத்தான்" என்றாள் அக்கா.

இடது தோளில் துணி படக்கூடாது, காரணம் ஆராயப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ராஜேஷ்குமார் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பெயர் இருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ. "காரணம் தெரியலைன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. அப்புறம் நான் என்னக்கா செய்ய?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொன்ன ஒரே டாக்டரின் சீட்டுதான் செல்லாத சீட்டு. ஒரு பொய்ப் பெயர் போட்டிருந்தால் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்.

தபசு அன்று காலையில் ஷட்டர் ஏற்றும்போது பார்க்கிறேன், முத்துத்தாய் அக்கா யூனிபார்ம் சேலையில் வந்து நிற்கிறாள். இடது தோளில் மடிப்பு, பின், வலைக் கொண்டை. முகம் வெளுத்திருந்தது.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றேன்.

"மாத்திரை போட்டிருக்கேன். குடோனுக்குப் போனா அப்புறம் இறங்க முடியாது சித்ரா. இன்னைக்கு ஒரு நாள் நின்னு காட்டிருதேன்."

தபசு அன்றைக்கு எங்கள் தெருவில் நடக்க முடியாது, கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போகும். கரிசல்காட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பருத்தியும் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள், அம்மன் சப்பரத்தில் வீச. வீசிவிட்டு, கல்யாணச் சேலையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடைக்குள் மூச்சு முட்டியது. ஏசி வழக்கம்போல வாடிக்கையாளர் பக்கம் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு சேலையாகப் போட்டுக் காட்டினாள். மத்தியானம் நெருங்கும்போது அவள் உதடு கடிபட்டுக் கன்றியிருந்தது. சின்ன முதலாளி என் பக்கத்தில் வந்து, "பார்த்தியளா, நிக்காங்கள்ல? எல்லாம் மனசுதான்" என்றார். அவர் தலையில் பில் மிஷினைப் போட எனக்கு உரிமையிருந்தால் போட்டிருப்பேன்.

அப்போதுதான் இசக்கியம்மாள் வந்தார். திருவேங்கடத்துக்காரர். மூத்த மகளுக்கு அக்காவிடம்தான் பட்டெடுத்தார்; இப்போது இரண்டாவது மகளுக்கு எடுக்கச் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனசுக்காரர். அன்று நடந்தது எல்லாமே நல்ல மனசால் நடந்ததுதான்.

"எம்மா முத்துத்தாயி! முந்தானை எடத்தோளுக்கு வந்துட்டே! அம்மன் கண்ணத் தொறந்துட்டாளா?"

"எங்கன பெரியம்மா... எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

"அட பாவமே. இரு இரு, இப்பத்தான் சன்னதியில வாங்கிட்டு வாரேன், ஈரங்கூடக் காயல." இசக்கியம்மாள் பையிலிருந்து புற்றுமண் உருண்டையை எடுத்தார். அக்கா வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், மடிப்புக்கு அடியில் கையை விட்டு, தோள் முழுக்க மண்ணை வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டார்.

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. வெளியில் அடித்துக்கொண்டிருந்த கொட்டுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அக்கா பின்னைப் பிய்த்தாள், முந்தானையை இழுத்து வலது பக்கம் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள், தலையை உதறியதில் கொண்டை வலையோடு கழன்று முடி அவிழ்ந்து விழுந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. கண் செருகியது.

கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவதி குலவை போட்டாள்.

அவ்வளவுதான். "ஆத்தா வந்துட்டா! தபசன்னைக்கே வந்துட்டா!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. வேப்பிலை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. நான் பில் மேசையைத் தாண்டி ஓடினேன். "சாமி இல்ல, அவங்களுக்கு வலி! தோள்ல வலி! விலகுங்க!" என்று கத்தினேன். ஒரு பெரியம்மா என் வாயைப் பொத்தினார். "சும்மா இரு தாயீ, தெய்வக் குத்தம் ஆயிரும்."

சுயம்புலிங்கம் அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கினார். கடைக்குத் தீப்பிடித்தாலும் இறங்கமாட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தாயே, என்ன குத்தம் செஞ்சோம்? சொல்லு தாயே."

"தொடாதீய!" என்று அலறினாள் அக்கா. "யாரும் என் தோளத் தொடாதீய! இந்தச் சீலைய எடுங்க... எரியுதே... எரியுதே!"

அண்ணாச்சி மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாலே? காதுல விழுந்துச்சா? அம்மன் வாயால சொல்லுதா, இந்தச் சீல வேண்டாமாம். அப்பவே நெனச்சேன் நான்." எப்போது நினைத்தார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ராஜேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கையிலும் போன் இருந்தது, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"எம் மகனுக்கு வேலை எப்பக் கெடைக்கும் ஆத்தா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தண்ணி... தண்ணி குடுங்க..." என்றாள் அக்கா.

குடிக்கத்தான் கேட்டாள். அபிஷேகத்துக்குக் கேட்பதாக நினைத்து, கேன் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஓடிவந்து தலையோடு ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் தோளில் இறங்கியது. மண் கரைந்து ஓடியது. அவளுக்கு மூச்சு மெல்ல மெல்லச் சீரானது, கண் திறந்தது. ஆறு வருட வைத்தியத்தில் சரியான நேரத்தில் சரியாகச் செய்யப்பட்டது அது ஒன்றுதான்.

"ஆத்தா மலையேறிட்டா" என்று பெருமூச்சு விட்டார் இசக்கியம்மாள். பிறகு அதே கண்ணாடி முன்னால் நின்று, நனையாத பட்டாகப் பார்த்து நாலு சேலை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் யூனிபார்ம் சேலைகள் மாடி குடோனுக்கு ஏறின. முத்துத்தாய் எந்தத் தோளில் வேண்டுமானாலும் முந்தானை போடலாம், இடது தோள் பக்கம் யாரும் நெருங்கக்கூடாது என்று அண்ணாச்சியே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். காற்று தோளில் நேராகப் படாதபடி ஏசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய இதுதான். சின்ன முதலாளியின் வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்களாம். இப்போது பட்டெடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் முதலில் அக்காவைக் கும்பிட்டுவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். வெள்ளத்துரை அண்ணனுக்கும் ஊரில் மரியாதை கூடியிருக்கிறது. அம்மன் இறங்குகிற வீட்டில் என்ன பிரச்சினை இருக்க முடியும்?

வலி மட்டும் அப்படியே இருக்கிறது. எப்சிபா டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மாத்திரையில் கொஞ்சம் தூக்கம் வருகிறது. பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

போன வாரம் கடை அடைக்கிற நேரத்தில் அக்கா கண்ணாடிக்கு முன்னால் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் காலடியில் வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டேன், ஊறுகாய்க்கு ஆகும் என்று.

"அம்மன் மேல கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"அவ மேல எனக்கென்ன கோவம். அவளா எனக்குச் சர்டிபிகேட் கேட்டா?" என்றாள். ஒரு முந்தானையை நீவிச் சமமாக்கினாள். "ஆனா ஒண்ணு சித்ரா. எரியுது, தொடாதீயன்னு அன்னைக்கு நான் புதுசா எதுவும் சொல்லல. ஆறு வருசமா அந்த ரெண்டு வார்த்தையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நான் சொல்லுதப்ப ஒருத்தருக்கும் கேக்கலியே."